சூரியனைக் கழித்தல்

வரையறை இது:
விரல்கள் மூடியிருக்க வேண்டும்.
கை காதுக்கு மேலே எழ வேண்டும்.
மண்டையில் படும் ஓசை
என் நாற்காலி வரை கேட்க வேண்டும்.
கேட்டால் ஒன்று.

டிராம்சோவில் ஒரு வகுப்பறை,
காலை ஒன்பது முதல் ஒன்பது இருபது வரை.
நான் ஒரு மூலை, யூரூன் மறு மூலை,
நடுவில் சிந்ரே, வயது எட்டு.
முடியை ஒதுக்கியதை அடி என்று யூரூன் எழுதினாள்,
நான் எழுதவில்லை.
தாள்களை ஒத்துப் பார்த்ததில்
நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.
மிச்சம் ஆறு
அவன் தலைக்குத்தான் தெரியும்.

டிசம்பரில் தொடங்கினோம்.
எதையும் மாற்றாமல் எண்ணுவது முதல் கட்டம்.
இருபத்தாறு. முப்பத்தொன்று. இருபத்தெட்டு.
ஜன்னலுக்கு வெளியே பதினொரு மணிவாக்கில்
மை கழுவிய தண்ணீர்போல ஒரு நீலம்
வந்து, வடிந்துவிடும்.
"இருட்டு மாதங்களில் இப்படித்தான்,
வெயில் வந்தால் தணிவான்" என்றாள்
அவன் அம்மா ராக்ன்ஹில்ட்.
அதையும் ஓரத்தில் குறித்தேன், பென்சிலால்.

ஜனவரி பதினெட்டு, அட்டை.
மஞ்சள் அட்டையில் ஒரு திறந்த கதவு.
எடுத்து நீட்டினால்
நடைவழியில் இரண்டு நிமிடம்,
கேள்வி கிடையாது, பாடம் கிடையாது,
ஈரக் காலணிகளின் வரிசை மட்டும்.
மூன்றாம் நாள்
மலை விளிம்பில் சூரியன் எட்டிப் பார்த்தது.
பள்ளியே ஜாம் வைத்த பன் தின்றது.
அன்று பன்னிரண்டு. மறுநாள் ஏழு.
அடுத்த வாரம் இரண்டு, ஒன்று, இரண்டு.
கோடு
படியிறங்கும் பூனைபோல இறங்கியது.
இறக்கியது யார்?

"சூரியன் என்றால் சூரியனாகவே இருக்கட்டுமே.
தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?"
"நவம்பர் வரும்" என்றேன்.
ஒரு கையுறையை மட்டும் கழற்றி
ராக்ன்ஹில்ட் கையெழுத்திட்டாள்.

ஆயிரம் பேரில் சராசரி எடுப்பவர்கள் உண்டு.
எங்களிடம் இருந்தது ஒருவன்.
அவனுக்கு ஒப்பிட
அவனைத் தவிர யாருமில்லை.

பிப்ரவரியின் நல்ல வெயிலில்
அட்டையை எடுத்து என் பைக்குள் வைத்தேன்.
சுவரில் ஒட்டுப்பட்டை மட்டும் மிஞ்சியது.
ஒன்பது.
மறுநாள் பதினான்கு.
அவன் எழுந்து போய்
பட்டையை நகத்தால் சுரண்டினான், ர்ர்ர் என்று.
திரும்பி வந்தான்.
பேனா பிடித்திருந்த என் கையை இழுத்துப்போய்
வெற்றுப் பட்டையின்மேல் அழுத்தினான்.
வரையறையில் அதற்கு இடமில்லை,
எழுதவில்லை.
யூரூனும் எழுதவில்லை.
அந்த ஓர் இடத்தில்
எங்கள் ஒப்பு நூற்றுக்கு நூறு.

மூன்றாம் நாள் இருபத்திரண்டு.
மூன்று புள்ளி விழுந்தால்தான் போக்கு தெரியும் என்பது விதி.
எனக்குப் பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.
ஒன்பது இருபது வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது இருபத்தொன்றுக்கு
அட்டையை ஒட்டப் போனேன்.
சுவரைத் தொடுமுன் பிடுங்கி
என் கையிலேயே திணித்தான்.
நடைவழிக்குப் போனோம்.
இரண்டு நிமிடம் கழிந்த பிறகும் நின்றோம்.

நான்கு கட்டங்கள், மூன்று விட்டு விட்டுப் போன கோடுகள்.
பார்த்தவர்கள் "சுத்தமான வரைபடம்" என்றார்கள்.
ராக்ன்ஹில்ட் தன் சமையலறை மேசையில் அதை விரித்தாள்.
மூன்றாவது கட்டத்தின்மேல் விரல் வைத்து
உதடு அசைய எதையோ கூட்டினாள்.
"நாற்பத்தைந்து."
நான் கூட்டியதே இல்லை.
வரைபடத்தில் கூட்டுத்தொகைக்குக் கட்டமில்லை.

நாற்பத்தைந்து அடி,
சூரியனை வழக்கிலிருந்து விடுவிக்க.

இன்று நவம்பர் இருபத்தொன்பது.
வெளியே பகலிலும் தெருவிளக்கு.
ராக்ன்ஹில்டிடமிருந்து
கைபேசியில் ஒரே வரி:
அட்டை நைந்துவிட்டது,
இன்னும் இரண்டு அனுப்புங்கள்.